ஆற்றை வீடு எடுக்கிறியள்? யாழ்ப்பாணத்தில் ஆறு நாள்

ஊர் திரும்பிப் பத்து நாள் ஆகிறது. முதுகு வலி இன்னும் போகவில்லை, கேமராப் பையைத் தட்டினால் யாழ்ப்பாணத்துச் செம்மண் இன்னும் உதிர்கிறது. அன்றன்றைக்கு ராத்திரி போனில் குறித்து வைத்ததைத்தான் கொஞ்சம் சரிசெய்து நாள்வாரியாகப் போடுகிறேன்.

நான் காரைக்குடிக்காரன். பத்துப் பன்னிரண்டு வருடமாகச் செட்டிநாட்டில் ஆள் இல்லாமல் கிடக்கிற வீடுகளைப் படம் எடுப்பது என் பைத்தியம். எந்த மூலையில் எத்தனை மணிக்கு வெயில் விழும், எந்த உத்திரத்தில் வௌவால் தொங்கும் என்பதெல்லாம் அத்துபடி. போரில் இடிந்த யாழ்ப்பாணத்து வீடுகளையும் எடுக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. பாழடைந்த வீடு என்றால் நமக்குத் தெரியாததா என்ற நினைப்பும் கூடவே இருந்தது, அதை மறைப்பானேன்.

மார்ச் 5, புதன்

சென்னையிலிருந்து காற்றாடி வைத்த சின்ன விமானம். கடலைப் பார்த்துக்கொண்டே பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துத் தின்று முடித்தேன், யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கிற பலாலி வந்துவிட்டது. இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஊருக்கு வர நாற்பத்தி நாலு வயது ஆகியிருக்கிறது எனக்கு.

குடிவரவு மேசையில் இருந்தவர் கேமராப் பையைப் பார்த்துவிட்டு எதைப் படம் எடுக்கப் போகிறேன் என்று கேட்டார். பழைய வீடுகள் என்றேன். "ஏன், உங்கள் ஊரில் பழைய வீடு இல்லையா?" என்று சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். நியாயமான கேள்விதான்.

விமான நிலையத்தை விட்டு வெளியே வரும்போது கொஞ்ச தூரம் ராணுவ நிலத்தின் ஊடாகத்தான் பஸ் வருகிறது. கேமராவை வெளியே எடுக்காதீர்கள் என்று ஏறும்போதே சொல்லிவிட்டார்கள். எடுக்க முடியாத இடத்தில்தான் கண்ணுக்கு எல்லாம் அகப்படும். ஒரு இடத்தில் வெறும் வாசல் தூண்கள் இரண்டு, நடுவில் இரும்புக் கேட், கேட்டில் பூட்டு. மதில் இல்லை, வீடு இல்லை, பின்னால் எருக்கஞ்செடியும் பனையும் மட்டும். மதில் போன வீட்டுக்கு ஏன் பூட்டு என்று யோசிப்பதற்குள் பஸ் திரும்பிவிட்டது.

நல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டின் மாடியில் அறை. வீட்டுக்கார அம்மாவை எல்லோரும் அன்ரி என்கிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். என் சார்ஜர் அங்கே சுவரில் இருந்த சதுர ஓட்டைக்குள் போகவில்லை. அதற்கு ஒரு அடாப்டர் வாங்க 350 ரூபாய், வாங்க நடந்தது இரண்டு கிலோமீட்டர். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்றரை ரூபாய் போல வருகிறது. அதனால் எந்த விலையைக் கேட்டாலும் முதலில் திக்கென்று இருக்கும், மனதுக்குள் வகுத்துப் பார்த்த பிறகு மூச்சு வரும்.

ராத்திரிச் சாப்பாடு சந்தியில் ஒரு சின்னக் கடையில். சிவப்பரிசி மாவு இடியப்பம், மஞ்சளாக ஒரு சொதி, தேங்காய்ச் சம்பல். நம் ஊரில் இரண்டு இடியப்பத்தைத் தட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். இங்கே அடுக்காகக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னும் போடட்டோ?" என்று கேட்டபடி பக்கத்திலேயே நிற்கிறார் ஒருவர். போடச் சொல்லிப் பதினாலு தின்றேன். எல்லாம் சேர்த்து 380.

மார்ச் 6, வியாழன்

கோட்டை. எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்றது. போர்த்துக்கீசர் 1618இல் தொடங்கியது, 1658இல் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், பிடித்து, பிறகு ஐந்து முனை நட்சத்திரமாக்கிக் கட்டியது. தூரத்திலிருந்து பார்த்தால் சாதாரணக் கருஞ்சாம்பல் கல். கிட்டப் போய்க் கையை வைத்தால்தான் தெரிகிறது, பாதிக் கல் பவளப்பாறை. ஒரு கல்லில் மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக இருந்தது, இன்னொன்றில் தேன்கூடு போல ஓட்டைகள். விரலை விட்டால் உள்ளே சிப்பி கிழிக்கிறது. இதை மட்டும் அரை மணி நேரம் எடுத்தேன்.

1990இல் உள்ளே ராணுவமும் வெளியே புலிகளுமாக மாதக் கணக்கில் முற்றுகை நடந்த இடம் இது. உள்ளே 1706இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயம் ஒன்று இருந்தது, போரில் போய்விட்டது. இப்போது அந்த இடத்தில் குவியலும் அடிச்சுவரும்தான். வெளிமதிலை நெதர்லாந்துப் பண உதவியோடு திருத்தியிருக்கிறார்கள், எது பழைய கல் எது புதுக் கல் என்று பளிச்சென்று தெரிகிறது. குடை பிடித்த காதலர்கள் நாலைந்து ஜோடி. தெற்கிலிருந்து வந்த ஒரு சிங்களக் குடும்பம் கையைக் காட்டிச் சைகையிலேயே தங்களைப் படம் எடுக்கச் சொன்னது. எடுத்துக் கொடுத்ததும் மிளகாய்த்தூள் தூவிய அன்னாசித் துண்டை என் கையில் திணித்தார்கள். பேச ஒரு வார்த்தை பொது இல்லை, காரத்தில் கண் கலங்கியது மட்டும் எல்லோருக்கும் பொது.

படங்கள்? எல்லாம் சுற்றுலாத் தபால் அட்டை மாதிரி.

சாயங்காலம் நூலகம். வெளியாட்களைக் கொஞ்ச நேரம்தான் உள்ளே விடுகிறார்கள். வெள்ளை வெளேர் என்று, முன்னால் சரஸ்வதி சிலையோடு, நேற்றுத்தான் திறந்தது போல இருக்கிறது. 1981 மே 31 ராத்திரி வைத்த தீயில் 97,000 புத்தகங்களும் ஏடுகளும் எரிந்த கட்டடம் என்று யாராவது சொன்னால்தான் உண்டு. இதைக் கட்ட ஆலோசனை சொன்னவர்களில் நம் ரங்கநாதனும் ஒருவர், நூலகத் துறையில் எல்லோரும் கையெடுத்துக் கும்பிடுகிற அதே எஸ்.ஆர். ரங்கநாதன். வரைபடம் போட்டவரும் மெட்ராஸ்காரர். உள்ளே பிள்ளைகள் குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள், மின்விசிறிச் சத்தம், பக்கம் புரட்டுகிற சத்தம். யாழ்ப்பாணத்தில் அழிந்தது என்றதும் உலகத்துக்கே நினைவுக்கு வருகிற கட்டடம் இதுதான், இதில் எடுக்க எனக்கு ஒன்றும் இல்லை. ஒரு படம்கூட எடுக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தேன். ஏமாற்றமாக இருந்தது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தது.

இடையில் மத்தியானம் நண்டுக்கறிச் சோறு, 1,400 ரூபாய். கரண்டியை வாங்கி வைத்துவிட்டு, "கையால சாப்பிடுங்கோ, நண்டு கரண்டிக்கு வராது" என்றார் பரிமாறியவர். யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் வேறு சாதி, மிளகாயோடு மல்லி, பெருஞ்சீரகம் எல்லாம் வறுத்து அரைத்தது. காது வரைக்கும் வியர்த்தது.

சாப்பிட்ட கையோடு பழைய பூங்காவுக்குள் போனேன். வெள்ளைக்காரன் காலத்துக் கச்சேரிக் கட்டடம் அங்கே கூரை இல்லாமல் நிற்கிறது. கச்சேரி என்றால் இங்கே அரசாங்க அதிபர் அலுவலகம், பாட்டு இல்லை. பெரிய வளைவுகள், உள்ளே ஆல வேர் இறங்கிய சுவர், பத்துப் பதினைந்து கிளி. காரைக்குடிக் கண்ணுக்கு அல்வா. இரண்டு மணி நேரம் மண்ணில் படுத்து, எழுந்து, மறுபடி படுத்து எடுத்தேன். வேலியோரம் சைக்கிளை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் போகிற போக்கில் சொன்னார்: "எல்லாரும் இதைத்தான் எடுக்கினம்."

அதோடு அன்றைய உற்சாகம் போயிற்று.

மார்ச் 7, வெள்ளி

எல்லோரும் எடுக்காத ஒன்றைத் தேடிக் கொழும்புத்துறைப் பக்கம் ஒழுங்கை ஒழுங்கையாக நடந்தேன். ஒழுங்கை என்பது சந்து. ஒழுங்காகவும் இருக்கிறது, பெயர் பொருத்தம்தான். இரண்டு பக்கமும் மதில், மதிலுக்கு மேல் மாமரம், இடையில் நாலு புது வீட்டுக்கு ஒரு இடிந்த வீடு. புது வீடுகள் எல்லாம் வெளிநாட்டுக் காசு, இளஞ்சிவப்பும் நீலமுமாகக் கண்ணைப் பறிக்கின்றன.

ஒரு வீடு என்னை நிறுத்திவிட்டது. நாற்சார் வீடு, நடு முற்றம் வைத்தது. கூரை இல்லை. முகப்பில் இரண்டு மயில், நடுவே தாமரை, கீழே 1936. ஒரு மூலை முழுதாகச் சரிந்திருந்தது. விறாந்தைத் தூண்கள் வரிசையாக அப்படியே நின்றன, அதில் ஒரு தூணில் யாரோ பென்சிலால் உயரம் குறித்த கோடுகள், கீழிருந்து மேலாக ஏழு. மயிலும் தாமரையும் ஒரே படத்துக்குள் வர வேண்டும் என்று கேமராவில் கண்ணை வைத்தபடி பின்னால் பின்னால் நடந்தேன்.

"தம்பி! நில்லுங்கோ! அதில கிணறு!"

நின்றேன். குதிகாலுக்குப் பின்னால் கொடி மண்டிய பசுமை. இன்னும் ஒரு எட்டு வைத்திருந்தால் அவ்வளவுதான். கட்டு இடிந்து கொடி மூடிய கிணறு. என் கால் தட்டிய ஒரு கல் உள்ளே போய், கொஞ்சம் கழித்துத்தான் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கை நடுங்கியதில் எடுத்த கடைசிப் படம் வெறும் கலங்கல், அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

கத்தியது பக்கத்து வீட்டு அம்மா. அறுபதுக்கு மேல் இருக்கும், கையில் தேங்காய்த் துருவல் ஒட்டியிருந்தது. நான் ஆள் யார், எந்த ஊர் என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது, "ஆற்றை வீடு எடுக்கிறியள்?"

யாருடைய வீட்டை எடுக்கிறாய் என்று. பன்னிரண்டு வருடத்தில் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. பதில் தெரியவில்லை. "சும்மா, பழைய வீடு..." என்று இழுத்தேன். "அது அக்கான்ரை வீடு" என்றார். அப்புறம் தேத்தண்ணி குடிக்க வரச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் திட்டுவதற்கும் தேத்தண்ணி கொடுப்பதற்கும் நடுவே இடைவெளி கிடையாது போல.

வீட்டைக் கட்டியது அவருடைய தாத்தா. மலாயா ரயில்வேயில் கிளார்க்காக இருந்து பென்ஷனோடு வந்து கட்டியது. எங்கள் பக்கம் பர்மாக் காசில் வீடு எழும்பியது போல இங்கே மலாயாப் பென்ஷன். பெண்பிள்ளைக்கு வீடு சீதனமாகப் போகிற வழக்கத்தில் அது அம்மாவுக்கு வந்து, அம்மாவிடமிருந்து மூத்த மகளுக்கு. வளவின், அதாவது வீட்டைச் சுற்றிய நிலத்தின், மறுபாதி இளையவருக்கு. அக்கா இப்போது டொரண்டோவில்.

நான் அந்தச் சரிந்த மூலையைப் பார்த்து மொத்த வீட்டையும் குண்டு தின்றுவிட்டது என்று நினைத்திருந்தேன். அவர் திருத்தினார். "செல் விழுந்தது உந்த மூலையில மட்டும்தான். ஓடு, தீராந்தி, நிலை, கதவு எல்லாம் பிறகு ஆரோ கழட்டிக்கொண்டு போட்டாங்கள். மிச்சம் ஆலமரம் செய்தது." செல் என்றால் பீரங்கிக் குண்டு, தீராந்தி என்றால் உத்திரம். 1995 ஒக்டோபர் 30 பின்னேரம் ஊரோடு ஊராக வெளிக்கிட்டார்களாம். ராணுவம் வருகிறது, எல்லோரும் வெளியேறுங்கள் என்று ஒலிபெருக்கியில் புலிகள் அறிவித்த ராத்திரி. மழையில், நாவற்குழிப் பாலத்துக்குப் போகிற தெருவில் அடி எடுத்து வைக்க இடம் இல்லாமல், விடியும்வரை நடை. லட்சக்கணக்கான சனம். திரும்பி வந்து பார்த்தபோது நிலைக் கதவு இருந்த இடத்தில் செங்கல் மட்டும். பங்கருக்கு மரம் எடுத்தவர்கள் பாதி, விற்க எடுத்தவர்கள் பாதி என்றார். எந்தப் பக்கத்து ஆள் என்று கேட்டேன். "மரத்தில பேரா எழுதிக் கிடக்கு?" என்றார்.

"உறுதி அக்காவிட்டைத்தான் கிடக்கு" என்றார் நடுவில். ஏதோ மன உறுதியைச் சொல்கிறார் என்று நான் தலையாட்டினேன். ரெண்டு நிமிடம் கழித்துத்தான் புரிந்தது, உறுதி என்றால் நம் பத்திரம். அக்கா வந்து கையெழுத்துப் போட வேண்டும், அல்லது அற்றோணி, நம் பவர் பத்திரம், எழுதிக் கொடுக்க வேண்டும். அக்காவுக்கு முழங்கால் முடியாது, அக்கா பிள்ளைகளுக்கு இது எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அதனால் வீடு நிற்கிறது.

"முந்திரிகை சாப்பிடுவீங்களோ?" என்று கேட்டார். தாராளமாக என்றேன், வறுத்ததோ பச்சையோ என்று பார்த்தால் தட்டு நிறையக் கறுப்புத் திராட்சை வந்தது. இங்கே திராட்சைக்குத்தான் முந்திரிகை என்று பெயர். தோல் தடித்த, புளிப்பும் இனிப்புமான பழம், கொட்டையோடு. பாதித் தட்டைக் காலி செய்தேன்.

கிளம்பும்போது ஒன்று கேட்டார்: அந்தக் கிணற்றை ஒரு படம் எடுத்துத் தர முடியுமா, அக்காவுக்கு அனுப்ப. "நல்ல தண்ணிக் கிணறு. இந்த ஒழுங்கை முழுக்க அதிலதான் அள்ளுறது." கொடியை அவரே கத்தியால் வெட்டி ஒதுக்கினார். நான் வயிற்றால் படுத்து, அவர் என் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொள்ள, உள்ளே எடுத்தேன். சுண்ணக்கல் சுவர், பாதியில் ஒரு புறாக்கூடு, அடியில் வட்டமாக வானம். வீட்டையும் நாலைந்து எடுத்தேன். திங்கட்கிழமை அச்செடுத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 8, சனி

சோனகத் தெரு, யாழ்ப்பாணத்து முஸ்லிம்களின் பகுதி. இங்கும் இடிந்த வீடுகள் உண்டு என்று அன்ரிதான் சொன்னார். சொல்லிவிட்டு, "அது வேறை கதை" என்று அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

வேறு கதைதான். இங்கே சுவர்களில் குண்டுத் தடம் குறைவு. பல வீடுகள் செல் விழுந்து போனவை அல்ல, ஆள் இல்லாமல் போனவை. டீக்கடை நானாவோடு பேச்சுக் கொடுத்தேன், பிளேன் டீ 50 ரூபாய், கூட ஒரு ரோல்ஸ் 120. அவருக்கு அப்போது பதினேழு வயதாம். 1990 ஒக்டோபர் 30. தெருவில் அறிவித்து எல்லோரையும் மைதானத்துக்கு வரச் சொன்னார்கள், இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்றார்கள். சொன்னவர்கள் புலிகள். நகையும் காசும் வழியிலேயே வாங்கிக்கொள்ளப்பட்டன. அவர் வீட்டு இரும்புக்கடைச் சாவியை வாப்பா கடைசி வரை, அகதியாகப் போன புத்தளத்தில், தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். வடக்கு முழுக்க இப்படி 70,000 பேருக்கு மேல் அனுப்பப்பட்டார்கள். 2002 சமாதானத்தில் சிலர் வந்து பார்த்தார்கள், 2009க்குப் பிறகு சிலர் வந்து குடியேறினார்கள், நிறையப் பேர் வரவில்லை. பிள்ளைகள் அங்கே பள்ளிக்கூடம் போய், அங்கேயே கல்யாணம் கட்டி, அதுவே ஊராகிவிட்டது.

தேதியைக் கேட்டதும் நேற்றைய அம்மா சொன்னதோடு நான்தான் குழப்பிக்கொண்டேனோ என்று போனை எடுத்துக் குறிப்பைப் பார்த்தேன். குழப்பம் இல்லை. அதே ஒக்டோபர் 30தான், நடுவில் சரியாக ஐந்து வருடம். நானாவிடம் சொன்னேன். "ஓம், தெரியும்" என்றார். வடை எடுத்து வைத்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. "அவங்க நடந்து போறாங்க எண்டு கேட்டதும் உம்மா அழுதா. எங்கட பக்கத்து வீட்டுப் பொம்பிளையின்ர பேரைச் சொல்லிச் சொல்லி அழுதா."

யாழ்ப்பாணம் பற்றி நம் மேடைகளில் எத்தனை முழக்கம் கேட்டு வளர்ந்தேன். இந்தத் தெருவின் பெயரை ஒரு மேடையிலும் கேட்டதில்லை.

நாலு படம்தான் எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் முன்னால், பக்கத்தில் நின்றவரிடம் இது ஆருடைய வீடு என்று கேட்டேன். மூன்றுக்குப் பதில் கிடைத்தது. நாலாவதற்கு மூன்று பேர் மூன்று பெயர் சொல்லி அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் தொடங்கிவிட்டது, நான் மெல்ல நழுவினேன்.

சாயங்காலம் நகரில் ஒரு ஸ்டூடியோவில் அச்சுக்குக் கொடுத்தேன். பெரிய அளவு, ஒன்று 450. ராத்திரி நல்லூர் முன்னால் ஐஸ்கிரீம், கண்ணாடிக் கிண்ணத்தில் நாலு நிறத்தில் மலை மாதிரி. நல்ல தித்திப்பு, அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஆட்டோ பேசிக்கொண்டு வலிகாமம் வடக்கு. நாள் முழுக்க 6,500. ஓட்டுகிறவருக்கு முப்பது வயது இருக்கும், என்னை அண்ணை என்றார், நானும் தம்பி என்றேன். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை தூரத்திலேயே தெரிந்தது, 1990இல் நின்றது நின்றதுதான். நிறுத்தச் சொன்னேன். "இதில நிப்பாட்டேலாது அண்ணை, பேந்து உங்களோட சேர்த்து என்னையும் விசாரிப்பாங்கள்." சரி, விட்டேன்.

மயிலிட்டி. 1990 ஜூனில் சனம் வெளியேறிய மீன்பிடித் துறைமுகம். 2017 ஜூலையில்தான் திருப்பிக் கொடுத்தார்கள், இருபத்தேழு வருடம். சுற்றுவட்டாரத்தில் இன்னும் கொஞ்சக் காணி ராணுவத்திடம். இங்கே நான் எடுக்க நினைத்த மாதிரி இடிபாடே இல்லை, பல இடத்தில் வீட்டின் தரை மட்டும் கிடக்கிறது. சிவப்புச் சீமெந்துத் தரை, ஓரத்தில் கறுப்புப் பட்டி, நடுவில் முளைத்த வேம்பு. அதன் நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்தவர் சொன்னார், வந்து பார்த்தபோது எது யார் வளவு என்றே தெரியவில்லையாம், தெருவே மாறிக் கிடந்தது. "கிணத்தை வச்சுத்தான் பிடிச்சம்." கிணற்றை மூட முடியாது, மூடினாலும் வட்டம் தெரியும். கிணற்றிலிருந்து இத்தனை பாகம் கிழக்கே குசினி (சமையலறை), அதற்குத் தெற்கே சாமியறை என்று கிழவிகள் நடந்து நடந்து காட்டினார்களாம்.

பேச்சின் நடுவே ஒரு நாய் என் லென்ஸ் மூடியைத் தூக்கிக்கொண்டு ஓடியது. இரண்டு சிறுவர்கள் துரத்தி மீட்டுக் கொடுத்தார்கள். பல் பதிந்த மூடி இப்போது என்னிடம் இருக்கிறது.

கீரிமலைக் கேணியில் குளித்தேன். நாலடி தள்ளிக் கடல், கேணியில் நன்னீர், அதுவும் சில்லென்று. ஐந்து நாள் செம்மண் அதில் போனது. அங்கிருந்து ஆட்டோத் தம்பி தன் அக்கா வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார், ஞாயிற்றுக்கிழமை கூழ் காய்ச்சுவார்களாம். ஒடியல் மா (காய்ந்த பனங்கிழங்கு மாவு), மீன், நண்டு, இறால், பலாக்கொட்டை, மரவள்ளி, பயற்றங்காய், எல்லாம் ஒரு பெரிய பானையில். பலா இலையைக் கோலிக் குடிக்கக் கொடுத்தார்கள். எனக்குக் கோலத் தெரியாமல் பாதி முழங்கையில் ஓடியது, வீட்டுப் பிள்ளைகளுக்கு அன்றைக்கு நான்தான் வேடிக்கை. காசு என்று வாயைத் திறந்ததும் அந்த அக்காவின் முகம் மாறியதைப் பார்த்து மூடிக்கொண்டேன். ஒரு போத்தலில் பனங்கட்டி வேறு கட்டித் தந்தார்.

மார்ச் 10, திங்கள்

பிற்பகல் விமானம். காலையில் அச்சுகளை வாங்கிக்கொண்டு கொழும்புத்துறைக்கு ஓடினேன். எனக்கே திருப்தியான படங்கள். கறுப்பு வெள்ளையில், வானத்தை இருட்டாக்கி, தூண்களின் நிழல் முற்றத்தில் கம்பி கம்பியாக விழ, மயில்கள் இரண்டும் செதுக்கினாற்போல. காரைக்குடியில் கண்காட்சிக்கு வைத்தால் நாலு பேர் நின்று பார்ப்பார்கள்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். கிணற்றுப் படத்தில் மட்டும் கொஞ்சம் நின்றார். மற்றதை எல்லாம் அடுக்கி மேசையில் வைத்தார்.

"ஏன் தம்பி கறுப்பு வெள்ளையில அடிச்சனீங்கள்? உது பச்சைச் சுவரெல்லோ."

பச்சைச் சுவரா? எனக்கு நினைவே இல்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். விறாந்தை உள்மூலையில், மழை படாத இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை. இளம் வாழையிலைப் பச்சை. அக்காவின் கல்யாணத்துக்கு அடித்த நிறமாம். இந்தப் படத்தை அனுப்பினால் அக்கா ஏதோ செத்த வீட்டுப் படம் என்று நினைப்பா என்றார்.

நல்ல வேளை, கேமராவில் நிறத்தோடு மூலக் கோப்பு இருந்தது. அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து போனுக்கு மாற்றி அனுப்பினேன். அவர் அதை அக்காவுக்கு அனுப்பினார். டொரண்டோவில் நடுச்சாமம், காலையில் பார்ப்பா என்றார். அச்சுகளைத் திருப்பித் தரவும் இல்லை, வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லவும் இல்லை. மேசையிலேயே விட்டு வந்தேன். படலையில் நின்று, "அடுத்த முறை வீட்டில தங்குங்கோ, காசு குடுத்து ஏன் வெளியில நிக்கிறியள்" என்றார்.

விமான நிலையத்தில் பனங்கட்டி உருகிப் போத்தல் ஒழுகி, பையில் பாதி பிசுபிசு. பரிசோதித்தவர் விரலை முகர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு விட்டார். வரிசையில் நிற்கும்போது அந்த அம்மாவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. அக்காவுக்குத் தூக்கம் வராமல் எழுந்து பார்த்தாவாம், அவருடைய குரலை அப்படியே எனக்குத் தள்ளிவிட்டிருந்தார். கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும். அப்புறம் அந்தத் தூணில் இருக்கிற கோடுகளில் எது யாருடையது என்று கீழிருந்து ஒவ்வொரு பெயராகச் சொன்னார், ஏழு பெயர். பிறகு, "அந்தத் தம்பி மற்றப் பக்கம் எடுக்கேல்லையோ? குசினி மற்றப் பக்கமெல்லோ" என்றார்.

மற்றப் பக்கம் நான் போகவே இல்லை. அந்த நேரத்தில் அங்கே வெயில் விழவில்லை.